வெந்நீர் வராவிட்டால் சொல்லாதீர்கள்

குறையை முதலில் சொல்லிவிடுகிறேன். ரஷ்யாவின் காகசஸ் மலையடிவாரத்தில், அவுஷிகேர் என்ற கிராமத்தில் நாங்கள் தங்கிய விருந்தினர் வீட்டில் இரண்டாம் நாள் மாலை வெந்நீர் நின்றுபோனது. அக்டோபர் முதல் வாரம், வெளியே பத்து டிகிரிக்குக் கீழே குளிர். என் தலை முழுக்க ஷாம்பு நுரை. குளியலறைச் சுவரில் மாட்டியிருந்த எரிவாயு வெந்நீர்ப் பெட்டியின் சின்னக் கண்ணாடிக்குள் எரிய வேண்டிய நீலச் சுடரைக் காணவில்லை. துண்டைச் சுற்றிக்கொண்டு கதவிடுக்கில் மகளைக் கூப்பிட்டேன். அவள் போய் வீட்டுக்கார அம்மாவிடம் சொன்னாள்.

ஐந்து நிமிடத்தில் கதவுக்கு வெளியே ஒரு வாளி வெந்நீர். பின்னாலேயே இன்னொரு வாளி. அதற்குள் பக்கத்து வீட்டு இளைஞர் ஒருவர் ஸ்பேனரோடு வந்து நின்றார். நான் தலை துவட்டிக்கொண்டு வெளியே வந்த சிறிது நேரத்தில் சுடர் பற்றிக்கொண்டது, விஷயமும் முடிந்தது என்று நினைத்தேன். இரவுச் சாப்பாட்டின் நடுவில் அந்த அம்மா எழுந்து நின்று ஏதோ சொன்னார். மகளின் முகம் மாறியது.

"இன்றைய இரவுக்குக் காசு வாங்க மாட்டாராம் அம்மா. விருந்தாளியைக் குளிரில் நிற்க வைத்துவிட்டுக் காசும் வாங்கினால் தெருவில் தலைகாட்ட முடியாதாம்."

எவ்வளவு சொல்லியும் அவர் இறங்கி வரவில்லை. அதன் பிறகு அந்த வீட்டில் எந்தக் குறையையும் வாய்விட்டுச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. தலையணை கல்லாக இருந்தது; பேசாமல் படுத்தேன். சேவல் நாலரை மணிக்கே கூவியது. சொன்னால் மறுநாள் அது சட்டியில் கிடக்குமோ என்று பயந்து அதையும் விழுங்கிக்கொண்டேன். காசு கொடுத்துத் தங்குகிறவருக்குக் குறை சொல்லும் உரிமை உண்டு என்று நாற்பது வருடமாக நம்பிக்கொண்டிருந்தேன். அங்கே அந்த உரிமை செல்லாது. இந்த வீட்டில் நான் கண்ட பெரிய குறை அதுதான்.

வீட்டின் பெயரைச் சொல்லப்போவதில்லை. முன்பதிவுத் தளத்தில் வருகிற ஒவ்வொரு விமர்சனத்தையும் மருமகள் மாமியாருக்கு வாசித்துக் காட்டுவதைக் கண்ணால் பார்த்தேன். அந்தத் தளத்தில் ஐந்து நட்சத்திரம் போட்டு, மிக்க நன்றி என்பதோடு நிறுத்திக்கொண்டேன். வாளிக் கதையைத் தமிழில் எழுதினால் அவர்கள் கண்ணில் படாது என்ற தைரியம்தான் இப்போது எழுத வைக்கிறது. அடையாளம் வேண்டுமானால் இதோ: பச்சை இரும்புக் கேட், முற்றத்தில் ஓர் அக்ரூட் மரம். ஊரில் பாதி வீடுகள் அப்படித்தான் இருக்கின்றன.

நாங்கள் அங்கே போனதற்கு மகள் காரணம். ரஷ்யாவின் தெற்கில், வடக்குக் காகசஸில், கபர்தினோ-பல்காரியா என்று ஒரு குடியரசு இருக்கிறது. அதன் தலைநகரான நால்சிக்கில் உள்ள அரசுப் பல்கலைக்கழகத்தில் நம் பிள்ளைகள் பலர் மருத்துவம் படிக்கிறார்கள். என் மகளுக்கு இது நான்காம் ஆண்டு. நானும் என் கணவரும் அவளைப் பார்க்கப் போயிருந்தோம். நால்சிக்கிலேயே விடுதி பார்த்து வைத்திருந்தாள். நான்தான் பிடிவாதமாக ஒரு மலையடிவாரக் கிராமம் வேண்டும் என்றேன். தேனிப் பக்கத்துப் பள்ளிகளில் 28 வருடம் புவியியல் நடத்தியவள் நான். மடிப்பு மலை, பனியாற்று ஏரி என்று கரும்பலகையில் சாக்பீஸால் வரைந்தே காலம் போய்விட்டது. ஒன்றையாவது தொட்டுப் பார்க்க வேண்டாமா?

நால்சிக்கிலிருந்து தெற்கே, மலைப் பக்கம் போகிற மார்ஷ்ருத்கா என்னும் சிற்றுந்தில் ஏறினால் அரை மணி நேரத்துக்குச் சற்று மேல். வழியில் இருபுறமும் ஆப்பிள் தோட்டங்கள். மரங்கள் நம் கற்பனையில் இருக்கிற ஆப்பிள் மரங்கள் அல்ல. திராட்சைக் கொடி போலக் கம்பியில் கட்டி, வரிசையாக நெருக்கி நட்ட ஒல்லிக் குச்சிகள். ஆலங்கட்டி மழைக்குப் பயந்து மேலே வலை விரித்திருக்கிறார்கள். தோட்டங்கள் முடிந்ததும் மக்காச்சோளம். பிறகு சமவெளி மெல்ல மடங்கி எழும்ப ஆரம்பிக்கிற இடத்தில், செரெக் ஆற்றின் கரையில் அவுஷிகேர்.

ஊருக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் படுவது மலையல்ல, மஞ்சள் குழாய்கள். எரிவாயுக் குழாயைத் தரைக்கு மேலே, ஆள் உயரத்தில் தெரு நெடுகக் கொண்டுபோகிறார்கள். ஒவ்வொரு வீட்டு கேட் வந்ததும் குழாய் செங்குத்தாக மேலே ஏறி, கேட்டைத் தாண்டி, மறுபடி இறங்குகிறது. வைக்கோல் ஏற்றிய லாரி உள்ளே போக வேண்டுமே! தூரத்திலிருந்து பார்த்தால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தோரணவாயில் கட்டியது போல இருக்கும். மாலையில் அந்தத் தோரணங்களுக்குக் கீழே மாடுகள் தாமாக வீடு திரும்புகின்றன. எது எந்த வீடு என்று அவற்றுக்குத் தெரிகிறது. முதல் நாள் எங்களுக்குத் தெரியவில்லை. பக்கத்து வீட்டுக் கேட்டைத் தட்டி, அங்கே ஒரு குவளை மோர் குடித்துவிட்டுத்தான் சரியான வீட்டுக்கு வந்து சேர்ந்தோம்.

இனி வீடு. முற்றத்தின் ஒரு பக்கம் குடும்பம் இருக்கிற நீளமான ஓட்டு வீடு, எதிரே தனியாக இரண்டு அறைகள் கொண்ட சிறு வீடு. அந்தச் சிறு வீடுதான் நமக்கு. புதிதாகச் சுற்றுலாவுக்காகக் கட்டியது என்று நினைத்தேன். கட்டடம் புதிதுதான், வழக்கம் பழையது என்று மகளோடு படிக்கும், அந்த மண்ணின் கபர்திய இனத்துப் பெண் சொன்னாள். முற்காலத்தில் வசதியுள்ள ஒவ்வொரு கபர்தியர் வீட்டு முற்றத்திலும் ஹாச்சேஷ் என்ற விருந்தினர் மனை தனியாக இருந்ததாம். வழிப்போக்கர் குதிரையை வெளியே கட்டிவிட்டு யாரையும் கேட்காமல் உள்ளே போகலாம். நம் பக்கத்துத் திண்ணையை நான்கு சுவர் எழுப்பி மூடிப் படுக்கையும் போட்டுவிட்டால் என்ன ஆகுமோ அது. அப்படி இலவசமாகக் கொடுத்துப் பழகிய ஒன்றுக்கு இப்போது ரேட் அட்டை மாட்டியிருக்கிறார்கள். அவர்களுடைய சங்கடமெல்லாம் அந்த அட்டையில் தொடங்குகிறது என்று எனக்குத் தோன்றியது. ஒரு இரவுக்கு, மூன்று பேருக்கும் சேர்த்து 3,000 ரூபிள், காலை உணவு உட்பட. இந்தத் தொகையை அந்த அம்மா ஒருமுறைகூட வாயால் சொல்லவில்லை. மருமகள்தான் கைபேசித் திரையில் எண்ணைக் காட்டினாள்.

அறை சுத்தம். கம்பளி போதும். கழிப்பறையில் நீண்ட மூக்கு வைத்த ஒரு பிளாஸ்டிக் கெண்டி இருந்தது. மாஸ்கோவில் இரண்டு நாள் வெறும் காகிதத்தோடு மல்லுக்கட்டிவிட்டு வந்த எனக்கு அதைப் பார்த்ததும் கும்பிடத் தோன்றியது. முஸ்லிம் வீடுகளில் தொழுகைக்கு முன் கைகால் கழுவவும் இதற்கும் கெண்டி கட்டாயம் இருக்கும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். நம்மவர்களுக்கு இதைவிட நல்ல சான்றிதழ் வேண்டியதில்லை.

சாப்பாட்டைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். முதல் இரவு மேஜையில் ஒரு தட்டு நிறைய வெளிர் மஞ்சள் நிறத்தில் கட்டி கட்டியாக ஏதோ வைத்திருந்தார்கள். கேக் என்று நினைத்து என் கணவர் எடுத்துக் கடித்தார். உப்பும் இல்லை, இனிப்பும் இல்லை. அது பாஸ்தே. இத்தாலிக்காரர்களுடைய பாஸ்தாவோடு அதற்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை; அசல் களி. எந்தத் தானியம் என்று கேட்டேன். அந்த அம்மா ஒரு கைப்பிடி அள்ளி வந்து என் உள்ளங்கையில் போட்டார். பனிவரகு! உமி நீக்கிய பனிவரகை நீரில் வேகவைத்து, மரத் துடுப்பால் கிண்டிக் கிண்டி இறுக்கி, ஆறியதும் கத்தியால் துண்டு போடுகிறார்கள். ரொட்டிக்குப் பதில் அதுதான். என் பாட்டி களியை உருண்டையாக உருட்டி நடுவில் குழி பறித்துக் குழம்பு ஊற்றுவாள். இவர்கள் சதுரமாக வெட்டிக் குழம்பில் தோய்த்துச் சாப்பிடுகிறார்கள். களியைத் தெரிந்த நாக்குக்கு அறிமுகம் தேவைப்படவில்லை. இரண்டாவது துண்டிலேயே எனக்குக் கை பழகிவிட்டது.

தோய்த்துக்கொள்ள கெத்லிப்ஜே. கோழித் துண்டுகளை வெங்காயத்தோடு வதக்கி, புளித்த பாலேடு ஊற்றி, சிவப்பு மிளகுப் பொடி தூவிக் கொதிக்க வைத்தது. நிறத்தைப் பார்த்துக் காரம் எதிர்பார்க்காதீர்கள். அந்தப் பொடி வாசனைக்கும் நிறத்துக்கும்தான். பூண்டு தாராளம். என் கணவர் கறி சாப்பிட மாட்டார் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தோம். கோழி எப்போது கறியானது என்ற கேள்வியோடு வீட்டுக்கார அம்மா அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். ஆனால் மறுநாளிலிருந்து அவருக்கென்று தனிச் சமையல்: பாலாடைக்கட்டிப் பூரணம் வைத்த பிறை வடிவ ஹலிவே, உருளைக்கிழங்கு வைத்த ஹலிவே, எண்ணெயில் பொரித்த லக்கும். லக்கும் என்பது பூரிக்கும் வடைக்கும் நடுவில் ஒன்று. சூடாக இருக்கும்போது மூன்று தின்னலாம், ஆறினால் ஒன்றுகூட இறங்காது.

காலையில் கபர்தியத் தேநீர். மலைச் சரிவில் விளையும் ஒரு புளிப்புக் கீரையின் இலைகளைக் காயவைத்துக் கொதிக்க வைக்கிறார்கள். பால், உப்பு, மிளகு, மேலே ஒரு கட்டி வெண்ணெய். நான் பழக்கதோஷத்தில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டுவிட்டேன். மேஜையில் இருந்த எல்லோரும் ஒரு கணம் என் கோப்பையைப் பார்த்தார்கள், ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. விருந்தாளி செய்தால் அது சரி. நான் முழுக் கோப்பையையும் குடித்து முடிக்க வேண்டியதாயிற்று.

இந்த மேஜையில் யார் எங்கே உட்கார்வது என்பதற்குத் திட்டமான வரிசை உண்டு. கதவிலிருந்து தள்ளி, உள்ளே கடைசியில் இருக்கிற இடம் மரியாதைக்குரியது. அங்கே வீட்டுப் பெரியவர், அவர் பக்கத்தில் என் கணவர். பெரியவருக்கு எழுபதைத் தாண்டியிருக்கும். கூட்டுப் பண்ணைக் காலத்தில் டிராக்டர் ஓட்டியவர். அவர் உள்ளே வந்தால் எல்லோரும் எழுகிறார்கள். ஒரு நாளில் எத்தனை முறை வந்தாலும் அத்தனை முறையும் எழுகிறார்கள். நானும் எழுந்தேன். முழங்கால் வலிக்கு நல்ல பயிற்சி.

அவர்களுடைய மருமகள் நால்சிக்கில் மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். சமையலறையில் என் மகளோடு வாய் ஓயாமல் பேசுவாள். மாமனாரின் செருப்புச் சத்தம் கேட்டதும் குரல் நின்றுவிடும். பயமா என்று மகள் கேட்டதற்கு அவள் சிரித்தாள்: "பயமில்லை, ஹப்ஸே." ஹப்ஸே என்பது அதிகே மக்களுடைய எழுதாத நடைமுறைச் சட்டம், கபர்தியரும் சர்க்காசியர் என்று உலகம் சொல்கிற அந்த அதிகே மக்களில் ஒரு பிரிவினர்தான். கணவனுடைய தம்பியையும் அவள் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. புகுந்த வீட்டுக்காரர்களுக்கு மருமகள் தானே செல்லப்பெயர் வைத்துக்கொள்வது வழக்கமாம். என் பாட்டியும் சாகும்வரை தாத்தாவின் பெயரைச் சொன்னதில்லை. ரேஷன் கார்டுக்குப் பெயர் கேட்டபோது பக்கத்தில் நின்ற என்னைக் கிள்ளிச் சொல்லச் சொன்னாள். ஆகவே எனக்கு இது விநோதமாகப் படவில்லை. ஆனால் மகளுக்கு இது பிடிக்கவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன். நால்சிக் திரும்பும்வரை அதைப் பற்றித்தான் வாதாடிக்கொண்டு வந்தாள்.

மூன்றாம் நாள் மாலைதான் பெரியவர் முதல்முறையாக என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்: நீங்கள் என்ன வேலை பார்த்தீர்கள்? விருந்தாளியிடம் முதல் மூன்று நாள் எதையும் துருவிக் கேட்கக் கூடாது என்பது பழைய முறையாம். புவியியல் என்று மகள் மொழிபெயர்த்ததும் மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மேஜை விரிப்பின் மேல் சூரியகாந்தி விதைகளை ஒரு கோடாகக் கொட்டினார். "செரெக்" என்றார். அதன் மேல் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று அக்ரூட் வைத்தார்: கஷ்கதாவு, அவுஷிகேர், ஸராகிஷ். மூன்றும் நீர்மின் நிலையங்கள்.

எனக்கு உடனே பிடிபட்டது. ஒரே தண்ணீரை மூன்று முறை வேலை வாங்குகிறார்கள். பனியாற்றிலிருந்து வருகிற நீர் மேலே கஷ்கதாவு நிலையத்தில் 65 மெகாவாட்டுக்குச் சற்றுக் கூடுதல் திறனுள்ள விசைப்பொறிகளைச் சுற்றுகிறது. அங்கிருந்து கால்வாயில் வந்து அவுஷிகேரில் 60. அதே நீர் ஸராகிஷில் இன்னொரு 30-க்கு மேல். கட்டிய வரிசை இதுவல்ல: நடுவில் இருக்கிற அவுஷிகேர் நிலையம் 2002-இல் முதலில் ஓடியது, கஷ்கதாவு 2010-இல், ஸராகிஷ் 2016-இல். பெரியவர் விதைக் கோட்டை மேஜையின் விளிம்புவரை நீட்டினார். செரெக் பக்ஸானில், பக்ஸான் மால்காவில், மால்கா தெரெக்கில், தெரெக் காஸ்பியன் கடலில். கடைசி விதையைக் காஸ்பியனில் போடும்போது அது மேஜையிலிருந்து கீழே விழுந்துவிட்டது. பேரன் அதை எடுத்துத் தின்றான்.

இப்படி ஒரு பாடத்தை நான் 28 வருடத்தில் நடத்தியதில்லை.

மறுநாள் காலை கிளம்புவதற்கு முன் அவரே எங்களை ஊருக்குப் பின்னால் இருக்கிற மேட்டுக்கு அழைத்துப் போனார். மலைகள் அங்கே அடுக்கடுக்காக எழுகின்றன. முதலில் காடு மூடிய தாழ்ந்த வரிசை. கருமலைகள் என்பது இதற்குப் பெயர். பீச் மரக் காடு அப்போதுதான் செம்பழுப்பாக மாறத் தொடங்கியிருந்தது. அதற்குப் பின்னால் புல் மலை, அதற்கும் பின்னால் சுண்ணாம்புப் பாறை மலை, எல்லாவற்றுக்கும் பின்னால் வெள்ளைச் சுவர். பாடப்புத்தகத்தில் இந்தக் குறுக்குவெட்டுப் படத்தை அரைப் பக்கத்தில் போட்டிருப்பார்கள். அதை நேரில் பார்க்கக் கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்ப வேண்டியிருந்தது.

இறங்கும் வழியில் போர் நினைவுச் சின்னம். 1942 அக்டோபர் கடைசியில் ஜெர்மானியர் நால்சிக்கைப் பிடித்தார்கள், 1943 ஜனவரி தொடக்கத்தில் விரட்டப்பட்டார்கள். கல்லில் இருக்கிற பெயர்களில் ஒரே குடும்பப் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. சிரில்லிக் எழுத்து தெரியாத எனக்குக்கூட வடிவத்தை வைத்தே அது புரிந்தது. ஆற்றின் போக்குக்கு எதிரே மேலே போனால், மலைப் பக்கத்து ஊர்களில் பல்கார் மக்கள் வாழ்கிறார்கள். வேறு மொழி, வேறு இனம். 1944 மார்ச் 8 அன்று ஸ்டாலின் அரசு அவர்கள் அத்தனை பேரையும் ரயிலில் ஏற்றி மத்திய ஆசியாவுக்கு அனுப்பியது. 1957-இல்தான் திரும்ப முடிந்தது. பெரியவர் அதைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: அக்கம்பக்கத்து ஊர்களில் பதின்மூன்று வருடம் புகை இல்லை.

கபர்தியர்களுக்கும் தங்கள் கணக்கு இருக்கிறது. 1864 மே 21-இல் முடிந்த காகசஸ் போரைத் தொடர்ந்து சர்க்காசியர்களில் பெரும்பான்மையோர் துருக்கியப் பேரரசுக்குக் கப்பலேற வேண்டியிருந்தது. இன்று துருக்கியிலும் ஜோர்டானிலும் சிரியாவிலும் அவர்களுடைய வாரிசுகள் இருக்கிறார்கள். சிரியாவில் போர் மூண்ட பிறகு அவர்களில் சிலர் நால்சிக்குக்குத் திரும்பி வந்திருக்கிறார்கள். ஊரின் பெயரைப் பற்றிக் கேட்டேன். அவுஷ்ஜெர் என்பது புனித ஜார்ஜுக்கு அதிகே மொழியில் இருந்த பெயர் என்றும், இஸ்லாம் வருவதற்கு முன் இங்கே கிறித்தவம் இருந்ததன் எச்சம் என்றும் பலர் சொல்கிறார்கள். மசூதியிலிருந்து வந்துகொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் இதை விசாரித்தபோது அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

ஊரின் வெந்நீர்க் குளத்தைச் சொல்லாமல் விட முடியாது, வருகிறவர்களில் பெரும்பாலோர் அதற்குத்தான் வருகிறார்கள். 1950-களில் எண்ணெய் தேடித் தோண்டிய இடத்தில் எண்ணெய்க்குப் பதில் சூடான கனிமநீர் வந்தது. அதைக் குளத்தில் நிரப்பிவிட்டார்கள். இருபது நிமிடத்துக்கு மேல் இருக்காதே என்று எல்லோரும் எச்சரிக்கிறார்கள். சுடிதாரோடு இறங்கலாமா என்று கேட்கக் கூச்சப்பட்டு நான் காலை மட்டும் நனைத்தேன். வீட்டில் வெந்நீர் நின்ற அதே ஊரில் தரைக்குக் கீழே இவ்வளவு வெந்நீர் என்று மகள் கேலி செய்தாள். சனி, ஞாயிறு போகாதீர்கள், கூட்டம்.

போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். வெளிநாட்டு வங்கிகள் கொடுத்த விசா, மாஸ்டர்கார்டு வங்கி அட்டைகள் 2022 மார்ச் முதல் ரஷ்யாவில் வேலை செய்வதில்லை, ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலம் எதிர்பார்க்காதீர்கள், "உப்ஸோ" என்ற ஒரு சொல் போதும். நன்றி என்ற இடத்தில் சொல்கிறார்கள், அதன் பொருள் வாழ்க என்பது.

கிளம்பும்போது 9,000 ரூபிளை நீட்டினேன். அந்த அம்மா ஆறு தாள்களை எண்ணி எடுத்துக்கொண்டு மூன்றை என் கையிலேயே வைத்து அழுத்தினார். மகள் அவசரமாகத் தன் கபர்தியத் தோழிக்கு போன் செய்தாள். பணத்தைத் திரும்ப நீட்டாதீர்கள், அது இன்னும் அவமானம், வேண்டுமானால் ஏதாவது பரிசு கொடுங்கள் என்றாள் அவள். மகளின் கல்லூரி விழாவுக்காகக் கொண்டு போயிருந்த சின்னாளப்பட்டிச் சுங்குடிப் புடவையை எடுத்து மருமகளிடம் கொடுத்தேன். மாமியார் அதைத் தடவிப் பார்த்தார், உள்ளே போனார், புகையில் உலர்த்திய பாலாடைக்கட்டி இரண்டு வட்டும் ஒரு பை அக்ரூட்டும் கொண்டுவந்து எங்கள் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தவள், தோழி என்ன சொல்லுவாளோ என்று மூடிக்கொண்டேன்.

விமான நிலையத்தில் பெட்டி ஐந்து கிலோ கூடுதல். கட்டிய தொகை, அந்த அம்மா வாங்க மறுத்த மூன்று தாள்களையும் தின்றுவிட்டு மேலும் கொஞ்சம் கேட்டது.